உள்ளம் சொல்வதெல்லாம் உண்மையா?

"என் மனத்திற்குச் சரியென்று பட்டது, செய்தேன்." இச்சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம், அடிக்கடி சொல்லவும் செய்கிறோம். சொன்னவுடன் வாதம் முடிந்துவிட வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. வஞ்சகம் ஏதுமின்றித் தன் உள்ளத்திற்கு உண்மையாக நடந்துகொண்ட ஒருவரை யார் குறைகூற இயலும்? நேர்மையான உள்ளத்தை நாம் மதிக்கிறோம், மதிக்கவும் வேண்டும். ஆனால், அந்த நேர்மையான உள்ளமே தான் அறியாமல் பிழையான செய்தியைச் சொன்னால் மனிதன் எதைப் பற்றிக்கொண்டு நிற்பான்? அப்படித் தவறியவனைக் குற்றவாளி என்று சொல்லலாமா?

பழைய கேள்விதான். இதனை நூல்களின் துணைகொண்டு மட்டும் ஆராயாமல், 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு துயரச் சம்பவத்தை முன்வைத்துச் சிந்தித்துப் பார்ப்போம்.

ஓர் இரவுப் பயணம்

1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய விமான நிலையத்திலிருந்து இரவு 8.38 மணிக்கு ஒரு தனியார் விமானம் எழும்பியது. பைப்பர் சரடோகா வகையைச் சேர்ந்த, ஒற்றை எஞ்சின் கொண்ட விமானம் அது. அதனை ஓட்டியவர் ஜான் கென்னடி இளையவர். 1963-இல் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மகன். தந்தையின் உடல் தாங்கிய பேழைக்கு, தன் மூன்றாவது பிறந்த நாளன்று பிஞ்சுக் கரத்தை உயர்த்தி வணக்கம் செலுத்திய அந்தச் சிறுவனின் படத்தை உலகம் மறக்கவில்லை. இப்போது அவருக்கு வயது 38. உடன் சென்றவர்கள் அவருடைய மனைவி கரோலினும், மனைவியின் தமக்கையும். தமக்கையை மார்த்தாஸ் வினியார்ட் என்னும் தீவில் இறக்கிவிட்டு, கணவனும் மனைவியும் ஹையானிஸ் செல்வதாகத் திட்டம். மறுநாள் அவருடைய சிற்றப்பா மகளுக்குத் திருமணம்.

இரவு 9.41 மணியளவில், தீவிற்குத் தென்மேற்கே சுமார் 7.5 மைல் தொலைவில் விமானம் கடலில் வீழ்ந்தது. மூவரும் உயிரிழந்தனர். திருமணம் ஒத்திவைக்கப்பட்டது. ஐந்து நாட்களுக்குப் பின் கடற்படையின் முக்குளிப்போர் உடல்களை மீட்டனர். ஜூலை 22 அன்று அவர்களுடைய சாம்பல் கடலிலேயே கரைக்கப்பட்டது. மறுநாள் நியூயார்க் நகரின் புனித தாமஸ் மோர் ஆலயத்தில் ஜானுக்காகவும் கரோலினுக்காகவும் திருப்பலி நிறைவேற்றப்பட்டது.

ஓராண்டு ஆய்வுக்குப் பின், 2000 ஜூலையில், அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவை வெளியிட்டது. எஞ்சினில் பழுது காணப்படவில்லை. அன்று புயலும் இல்லை, இடியும் இல்லை. கோடைக்கால மூட்டம் கடல்மீது கவிந்திருந்தது, இரவு இருண்டிருந்தது, அவ்வளவே. இருளில் கடலுக்கு மேல் இறங்கும்போது விமானிக்கு ஏற்பட்ட நிலைமயக்கத்தால் விமானம் அவருடைய கட்டுப்பாட்டை இழந்தது என்று வாரியம் கண்டது. மூட்டமும் இருளும் துணைக்காரணங்கள்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்று அவர் சட்டத்தை மீறிப் பறக்கவில்லை. கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு விதிமுறை கேட்ட அளவைவிட மேலான தெளிவையே வானிலை அறிக்கைகள் காட்டின. பயணத் திட்டத்தை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. முந்தைய 15 மாதங்களில் அந்தப் பகுதிக்கும் தம் விமான நிலையத்திற்கும் இடையே சுமார் 35 முறை அவர் பறந்திருந்தார். பழகிய பாதை, நல்ல விமானம், செல்லுபடியாகும் உரிமம். எல்லாம் சரியாகவே இருப்பதுபோல் தோன்றிய ஒரு பயணம் அது.

செவிக்குள் நடப்பது

பிறகு என்னதான் நேர்ந்தது? அதை விளங்கிக்கொள்ள, ஆண்டவன் நமக்குத் தந்த உடலின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

நாம் நிமிர்ந்து நிற்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்பதை அறிய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது கண். இரண்டாவது தசைகளும் மூட்டுகளும் உணரும் அழுத்தம். மூன்றாவது உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள். இவற்றுள் ஒரு நீர்மம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது கால்வாயின் சுவர் உடனே திரும்புகிறது. நீர்மம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டைத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று படித்துக்கொள்கிறது.

இந்த அமைப்பிற்கு ஒரு குறை உண்டு. திரும்புதல் ஒரே சீராக நீடித்தால், சில நொடிகளில் நீர்மமும் சுவரோடு ஒத்துச் சுழலத் தொடங்கிவிடும். வேறுபாடு மறைந்துவிடும். விமானம் இன்னும் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் உட்செவி 'நேராகச் செல்கிறோம்' என்று சொல்கிறது. மாற்றத்தை மட்டுமே அது அறியும். மாற்றமே நிலையாகிவிட்டால் அதற்குத் தெரியாது. பகலில் இக்குறை நம்மைத் தாக்குவதில்லை. அடிவானம் கண்ணுக்குத் தெரிவதால் கண் செவியைத் திருத்திவிடுகிறது. இரவில், மூட்டத்தில், விளக்கொளி ஏதுமற்ற கடலின் மேல் அடிவானமே இல்லை. அன்றிரவு அந்தத் தீவின்மேல் பறந்த மற்றொரு விமானி, கீழே எந்த வெளிச்சமும் தெரியாததால், தீவில் மின்சாரம் நின்றுவிட்டதோ என்று ஐயுற்றதாக ஆய்வாளரிடம் கூறினார்.

இதைவிடக் கொடிய பகுதி இனித்தான் வருகிறது. நெடுநேரம் இடப்புறம் சாய்ந்து திரும்பிய விமானத்தை ஒருவர் நேராக்கினால், அவருடைய உட்செவி 'இப்போது வலப்புறம் திரும்புகிறாய்' என்று பொய்யாக அறிவிக்கும். நேரான நிலையே அவருக்குக் கோணலாகப் படும். ஆகவே அவர் தம்மை அறியாமல் மீண்டும் இடப்புறம் சாய்ப்பார். அப்போதுதான் அவருக்கு நிம்மதி. சாய்ந்த விமானம் உயரம் இழக்கும். உயரத்தை மீட்க அவர் கைப்பிடியைத் தம் பக்கம் இழுப்பார். விமானம் சாய்ந்திருப்பதால் அந்த இழுப்பு உயரத்தைத் தராது; சுழலை மேலும் இறுக்கும். விமானிகள் இதனைக் கல்லறைச் சுழல் என்றே அழைக்கின்றனர். அன்று அந்த விமானம் கடைசி நொடிகளில் நிமிடத்திற்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் கீழிறங்கியதை ராடார் பதிவுகள் காட்டின.

இவ்வுண்மையை மனிதர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. உட்செவியின் இயக்கத்தை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனிக்கு 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும், தேர்ந்த விமானிக்குப் பிறவியிலேயே சமநிலை உணர்வு உண்டு என்னும் நம்பிக்கை அதன் பின்னரும் நீடித்தது. 1926-இல் அமெரிக்கப் படையின் அனுபவமிக்க விமானி வில்லியம் ஆக்கர், மருத்துவச் சோதனைக்காகக் கண் கட்டப்பட்டுச் சுழல் நாற்காலியில் அமர்த்தப்பட்டார். நாற்காலி எப்பக்கம் சுழல்கிறது என்று மருத்துவர் கேட்டார். ஆக்கரின் விடைகள் பிழையாயின. நாற்காலி நின்ற பின்னும் எதிர்ப்புறமாகச் சுழல்வதாக அவர் உறுதியாகச் சொன்னார். பின்னர் அவர் திரும்புதலைக் காட்டும் கருவியை ஒரு பெட்டிக்குள் பொருத்தி எடுத்துவந்து, தம் உணர்வை விட்டு அக்கருவியை மட்டும் பார்த்துச் சொன்னபோது விடைகள் சரியாயின. மூன்றாண்டுகள் கழித்து, 1929 செப்டம்பர் 24 அன்று, ஜேம்ஸ் டூலிட்டில் என்பவர் வெளியே எதையும் காணாமல், கருவிகளை மட்டுமே நம்பி விமானத்தை எழுப்பி, பறந்து, தரையிறக்கிக் காட்டினார்.

பழகிப்போன சாய்வு

உட்செவியைப் பற்றிய இச்செய்தியைப் படிக்கும்போது, நம் மனச்சான்றின் நிலையை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

முதன்முறை கையூட்டுப் பெற்ற அலுவலரின் கை நடுங்கியிருக்கும். அன்றிரவு அவருக்கு உறக்கம் வந்திராது. நூறாவது முறை நடுக்கமில்லை. அவர் நேர்மையற்றவராக நடிக்கிறார் என்று சொல்ல முடியாது; தாம் நேராக இருப்பதாகவே அவர் உண்மையில் உணர்கிறார். அவருடைய அலுவலகத்திற்குக் கையூட்டு வாங்காத ஒருவர் மாற்றலாகி வந்தால், அந்தப் புதியவரே கோணலானவராகத் தோன்றுவார். 'ஊரோடு ஒத்துப்போகத் தெரியாதவர்' என்று பெயர் பெறுவார்.

வீட்டிலும் இதுதான். மருமகளின் சொல்லுக்கு மதிப்பில்லாத வீட்டில் பிறந்து வளர்ந்த மகனுக்கு அந்த மதிப்பின்மை கண்ணில் படுவதில்லை. பிறந்த நாள்முதல் பார்த்துப் பழகிய சாதி ஏற்றத்தாழ்வு, அதில் மேலே நிற்பவருக்கு ஏற்றத்தாழ்வாகவே தெரிவதில்லை. யாரேனும் அதை நேர்செய்ய முற்பட்டால், 'நன்றாக இருந்த ஊரைக் கெடுக்கிறார்கள்' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நேரானது அவருக்குச் சாய்வாகப் படுகிறது.

ஆகவே, 'என் மனம் உறுத்தவில்லை' என்பது ஒரு செயல் நல்லது என்பதற்குச் சான்றாகாது. உறுத்தல் இல்லாமைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நாம் நேராகச் செல்லலாம். அல்லது நெடுங்காலமாக ஒரே பக்கம் சாய்ந்தே செல்லலாம். உள்ளிருந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

குற்றம் எங்கே?

அப்படியானால், ஏமாந்த உணர்வைப் பின்பற்றியவரைக் குற்றம் சொல்லலாமா?

மூட்டத்தில் அடிவானம் மறைந்த அந்த நேரத்தில் அவரைக் குறைகூற எவராலும் இயலாது. அவர் தம்மிடம் இருந்த ஒரே சாட்சியை நம்பினார். உடல் எல்லாருக்கும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. எனவே, ஒழுக்கவியல் கேட்க வேண்டிய நேரம் 9.40 மணி அன்று. இன்னும் தரையில் இருந்த நேரமே அது. எஞ்சின் இயங்கத் தொடங்காத நேரம், யோசிக்க வாய்ப்பிருந்த நேரம்.

புனித தாமஸ் அக்குவினாஸ் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டார். பிழைபட்ட மனச்சான்றும் மனிதனைக் கட்டுப்படுத்தும். தன் உள்ளம் தீது என்று சொல்வதை ஒருவன் செய்யலாகாது. ஆனால் அதைப் பின்பற்றியதாலேயே எப்போதும் அவன் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை. அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அறிந்திருக்க வேண்டியதை அறிய முயலாமல் விட்டதால் வந்த பிழை என்றால், பொறுப்பு அவனுடையதே.

அன்று மாலை நிகழ்ந்தவற்றை ஆய்வறிக்கை பதிவு செய்திருக்கிறது. மாலை 5.30-க்கும் 6-க்கும் இடையே விமான நிலையத்திற்கு வருவதாக இருந்த அவர் தாமதமாகவே வந்தார். புறப்படும்போது கதிரவன் மறைந்திருந்தது. அதே விமான நிலையத்திலிருந்து அதே தீவிற்குச் செல்லவிருந்த வேறொரு விமானி வானிலை மோசம் என்று பயணத்தைக் கைவிட்டிருந்தார். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சியில் கென்னடி ஏறத்தாழப் பாதியையே முடித்திருந்தார். அதற்குரிய தகுதிச் சான்று அவரிடம் இல்லை. முறிந்திருந்த கணுக்காலின் கட்டு முந்தைய நாள்தான் அகற்றப்பட்டிருந்தது. பயிற்றுநர் ஒருவர் உடன் வரத் தாமே முன்வந்தார். தனியாகவே ஓட்ட விரும்புவதாகக் கென்னடி விடையளித்தார்.

இவற்றுள் எதுவும் தனியாக நின்றால் பெரும் பிழையன்று. தாமதம் எவருக்கும் நேரும். தனியாக ஓட்டக் கற்க வேண்டும் என்னும் ஆவல் இயல்பானது. திருமண வீட்டார் காத்திருக்கிறார்கள். உடன் வருபவர்களின் பைகள் ஏற்றப்பட்டுவிட்டன. இந்நிலையில் 'இன்று வேண்டாம்' என்னும் சிறு சொல் நாவில் எழ மறுக்கிறது. நம்முள் எத்தனை பேர், இதைவிடச் சிறிய காரணங்களுக்காக இதைவிடப் பெரிய ஆபத்துகளை ஏற்றிருக்கிறோம்! ஆகவே இறந்தவரை நாம் தீர்ப்பிட முனையவில்லை. அத்தீர்ப்பு இறைவனுக்குரியது. முடிவை ஆராய்வது வேறு. மனிதரைத் தீர்ப்பிடுவது வேறு.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அந்த விமானத்தில் வேறு இருவர் அமர்ந்திருந்தனர். ஆபத்து ஒருவருடையதாக மட்டும் இருக்கும்போது அதை ஏற்பது துணிவு எனப்படலாம். மற்றவரின் உயிர் நம் கையில் இருக்கும்போது, நம் உணர்வை மட்டும் நம்புவதற்கு நமக்குள்ள உரிமை சுருங்கிவிடுகிறது. பின் இருக்கையில் இருப்பவர் அடிவானத்தைத் தேடுவதில்லை. அவர் நம்மை நம்பிக் கண்ணயர்கிறார். குடும்பத் தலைவர், ஆசிரியர், மருத்துவர், பங்குத்தந்தை, ஊர்ப் பெரியவர் ஆகிய அனைவரும் யாரையோ பின்னால் ஏற்றிக்கொண்டுதான் செல்கிறார்கள். உடன் வரட்டுமா என்று கேட்கும் பயிற்றுநரை அவர்கள் ஏற்றுக்கொள்வது தங்களுக்காக மட்டுமன்று. முன்மதி என்னும் நற்பண்பின் பகுதிகளுள் ஒன்றாக, பிறரிடம் கற்க இசையும் மனத்தை அக்குவினாஸ் வைத்தார். வள்ளுவரும் தவற்றை இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளும் கடமையை, ஆள்பவருக்குரிய அரசியலில்தான் ஓர் அதிகாரமாக அமைத்தார். அதிகாரம் உள்ளவருக்கே அத்துணை மிகுதியாகத் தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

விபத்துக்குப் பின் கென்னடி குடும்பத்தின் மேல் சாபம் இருக்கிறது என்று பலர் பேசினர். 1944-இல் பெரியப்பா போர் விமானம் வெடித்து இறந்தார். 1948-இல் அத்தை பிரான்சில் புயலில் சிக்கிய சிறு விமானத்தில் மாண்டார். 1964-இல் மற்றொரு சிற்றப்பா மோசமான வானிலையில் இரவில் வீழ்ந்த சிறு விமானத்திலிருந்து படுகாயத்துடன் உயிர் தப்பினார். இத்தனை துயரங்களைக் கண்ட மக்கள் அப்படிப் பேசியதில் வியப்பில்லை. ஆனால் சாபம் என்று சொல்லிவிட்டால் கற்றுக்கொள்ள ஒன்றும் மீதமில்லை. முன்னே சென்றவர் எங்கே வழி தவறினார் என்று பொறுமையாகக் கேட்பதே, பின்னே வருபவருக்கு நாம் செய்யும் கடமை.

கருவிக்கு அடிமையா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'உள்ளத்தை நம்பாதே, கருவியை நம்பு என்றால், மனிதன் வெளியிலிருந்து வரும் கட்டளைக்கு அடிமையாகிவிட மாட்டானா? மேலிருப்பவர் சொன்னார், செய்தேன் என்று பெருங்கொடுமைகளைச் செய்தவர்களும் உண்டே!'

மறுப்பு வலிமையானது. விமானிகளின் பயிற்சியிலேயே இதற்கு விடை இருக்கிறது. அவர்கள் எந்த ஒரு கருவியையும் கண்மூடி நம்பக் கற்பிக்கப்படுவதில்லை. கருவியும் பழுதாகும். சாய்வைக் காட்டுவது, உயரத்தைக் காட்டுவது, வேகத்தைக் காட்டுவது, திசையைக் காட்டுவது என்று பல கருவிகள் உள்ளன. விமானியின் கண் ஒன்றிலேயே நிலைத்து நில்லாமல், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று பொய்த்தால் மற்றவை காட்டிக்கொடுக்கும். இறுதியில் முடிவு எடுப்பது கருவியன்று, விமானிதான். தன் உடலின் உணர்வையும் அவர் ஒரு சாட்சியாகக் கேட்கிறார். அதை ஒரே சாட்சியாகக் கொள்வதில்லை.

மனச்சான்றும் அவ்வாறே. திருப்பலி நடந்த அந்த ஆலயத்தின் பாதுகாவலரை இங்கே நினைத்துக்கொள்வோம். தாமஸ் மோர் தம் மனச்சான்றுக்காக 1535-இல் தலையைக் கொடுத்தவர். அவர் தம் உள்ளத்தில் தோன்றியதை மட்டும் வைத்து மன்னரை எதிர்க்கவில்லை. பல ஆண்டுகள் அப்பொருளைக் கற்றார். தம் நாட்டின் பாராளுமன்றம் சொன்னதை, கிறிஸ்தவ உலகம் முழுவதும் காலங்காலமாகச் சொன்னதோடு ஒப்பிட்டார். அதன் பின்னரே அசையாமல் நின்றார். அப்படி நின்றபோதும், மன்னரின் உறுதிமொழியை ஏற்றுக்கொண்ட மற்றவர்களின் மனச்சான்றை அவர் தீர்ப்பிடவில்லை. தம் உள்ளத்தை அவர் மிக உயர்வாக மதித்ததால்தான் அதைக் கற்பிக்க அத்தனை உழைப்பை மேற்கொண்டார்.

நமக்கும் பல சாட்சிகள் தரப்பட்டுள்ளன. இறைவார்த்தை உண்டு, திருச்சபையின் போதனை உண்டு, சான்றோர் எழுதியவை உண்டு. முகத்திற்கு நேரே சொல்லக்கூடிய நண்பர் உண்டு. மனைவி உண்டு, கணவர் உண்டு. எல்லாவற்றிலும் நாம் எளிதாக மறந்துவிடும் சாட்சி ஒன்றும் உண்டு. நம் முடிவால் துன்புறுகிறவரின் குரலே அது. நாம் நேராகச் செல்கிறோம் என்று உறுதியாக உணரும்போது, நமக்குக் கீழே இருப்பவர் 'விழுகிறேன்' என்று கூவினால், முதலில் ஐயுற வேண்டியது நம் உணர்வைத்தான்.

திரும்பும் கலை

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடைபெற்றது. கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி பெறாத 20 பேரை, மேகத்திற்குள் நுழைந்தாற்போல வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானம் ஓட்டச் செய்தனர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் 178 நொடிகள். மூன்று நிமிடங்கள்கூட இல்லை.

இந்த எண்ணைப் பலர் எடுத்துக்காட்டுகின்றனர். அந்த ஆய்வின் நோக்கம் என்ன என்பதைச் சொல்வோர் குறைவு. மூட்டத்திற்குள் தவறி நுழைந்தவர் வந்த வழியே பாதுகாப்பாகத் திரும்பிச் செல்லக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதே அதன் நோக்கம். சில எளிய படிகளைக் கற்பித்தனர். அவற்றுள் முதலாவது, கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கும் கைகளை எடுத்துவிடுவது. ஏமாந்த உணர்வின் ஏவலால் கை செய்யும் கேட்டை முதலில் நிறுத்துவது. அடுத்து, கருவியைப் பார்த்து மெல்ல அரைவட்டமாகத் திரும்புவது. பயிற்சிக்குப் பின் அவர்கள் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தனர். அதே மனிதர்கள், அதே செவிகள், அதே இருள். அவர்களுடைய உணர்வு திருந்திவிடவில்லை. உணர்வு ஏமாற்றும்போது செய்ய வேண்டியதை அவர்கள் வெளிச்சத்திலேயே கற்றிருந்தார்கள்.

மனந்திரும்புதல் என்னும் சொல்லை நாம் தவக்காலத்திற்கு மட்டும் உரியதாக ஒதுக்கி வைத்துவிட்டோம். அது வாழும் கலை. அதையும் வெளிச்சம் இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். சிறு செய்திகளில் 'நான் தவறாக எண்ணியிருக்கலாம்' என்று சொல்லிப் பழகாத நா, பெருந்துன்பம் நேரும் வேளையில் திடீரென்று அதைச் சொல்லிவிடாது. ஒருவரிடமும் வழி கேட்காமல் வளர்ந்தவர் இருளில் யாரிடம் கேட்பார்?

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இவ்வளவு சொல்லலாம். உள்ளம் சொல்வதைக் கேட்பது நம் கடமை. அவ்வுள்ளத்திற்குக் கற்பிப்பதும் அதே அளவு கடமை. பயணம் புறப்படுமுன், பிறர் நம்மோடு ஏறி அமருமுன், வானில் இன்னும் சிறிது ஒளி இருக்கும்போதே அக்கடமையைச் செய்துவிட வேண்டும். கடலில் மறைந்த அந்த மூவருக்கும் இறைவன் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக.